34 மணி நேரம்: ஒரு காத்திருப்பு அறையின் வரலாறு

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. கனடாவைப் பற்றியது. பொறுமையாகப் படித்து முடியுங்கள்.

2008 செப்டம்பர் 19. மானிடோபா மாகாணத்தின் தலைநகர் வின்னிபெக். மதியம் 3 மணி ஆகப்போகிறது. பிரையன் சின்க்ளேர் என்ற 45 வயதுக்காரர், ஊரின் பெரிய மருத்துவமனையான ஹெல்த் சயின்சஸ் சென்டரின் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறார். அனிஷினாபே என்ற பூர்வகுடியைச் சேர்ந்தவர். உறைபனியில் இரண்டு கால்களையும் இழந்தவர். சக்கர நாற்காலியில்தான் நடமாட்டம். சிறுநீர் போக வைத்திருந்த டியூப் அடைத்துக்கொண்டது. முதலில் ஒரு கிளினிக்குக்குப் போனார். அங்கிருந்த டாக்டர் பார்த்துவிட்டு, கடிதம் எழுதிக் கொடுத்து இங்கே அனுப்பினார்.

வாசலில் இருந்த ஊழியரிடம் பேசினார். ஊழியர் ஏதோ குறித்துக்கொண்டார். சின்க்ளேர் காத்திருப்பு அறைக்குப் போனார். அவர் பெயர் பதிவேட்டில் ஏறவே இல்லை.

அன்று மாலை போனது. இரவு போனது. மறுநாள் முழுக்கப் போனது. இடையில் வாந்தி எடுத்தார். அங்கே காத்திருந்த மற்ற நோயாளிகள் ஊழியர்களிடம் சொல்லிப் பார்த்தார்கள். ஷிப்டு மாறி மாறி ஆட்கள் அவரைக் கடந்து போனார்கள். 21ஆம் தேதி நள்ளிரவு தாண்டி யாரோ பதறிக் கூப்பிட, டாக்டர் வந்து பார்த்தார். உடல் அதற்குள் விறைத்துப் போயிருந்தது. வந்து சேர்ந்து 34 மணி நேரம் ஆகியிருந்தது.

பெரிய அறுவை சிகிச்சை எதுவும் தேவைப்படாத நோய் அது. டியூபை மாற்றி, கிருமித்தொற்றுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தால் போதும்.

பிறகு மரண விசாரணை நடந்தது. ஊழியர்கள் சாட்சி சொன்னார்கள். குடித்துவிட்டு மயங்கிக் கிடக்கிறார் என்று நினைத்ததாகச் சிலர். வீடில்லாதவர், குளிருக்கு ஒதுங்கியிருக்கிறார் என்று நினைத்ததாகச் சிலர். ஏற்கெனவே டாக்டர் பார்த்துவிட்டார், படுக்கைக்குக் காத்திருக்கிறார் என்று நினைத்ததாகச் சிலர். ஆளுக்கொன்று நினைத்தார்களே தவிர, பக்கத்தில் போய் "என்னய்யா, என்ன செய்கிறது?" என்று ஒருவரும் கேட்கவில்லை.

மாகாணத்தின் தலைமை மரண ஆய்வு மருத்துவர், அன்றிருந்த நிலைமையில் கதையில் வரும் ஸ்னோ ஒயிட்டே அங்கே போயிருந்தாலும் இதே கதிதான் என்ற பொருள்படச் சொன்னார். அதாவது இதில் இனம் எங்கே வந்தது, கூட்ட நெரிசலும் நிர்வாகக் கோளாறும்தான் காரணம் என்பது அவர் கட்சி. விசாரணையின் அடுத்த கட்டம் இனவெறியை ஆராயாது என்று தெரிந்ததும் குடும்பத்தார் விலகிக்கொண்டார்கள். 2014 டிசம்பரில் வந்த அறிக்கையில் 63 பரிந்துரைகள் இருந்தன. பெரும்பாலானவை வரிசை முறை, மேசை, பதிவேடு பற்றியவை.

அந்தப் பரிந்துரைகளை நான் குறை சொல்ல மாட்டேன். பதிவேடு சரியாக இருந்தால் சில உயிர்கள் பிழைக்கும். ஆனால் வரலாறு சொல்லிக் கொடுத்துக் காலம் தள்ளிய எனக்கு ஒரு கேள்வி நிற்கிறது. இத்தனை பேருக்கும் ஒரே மாதிரி "குடிகாரர்" என்று தோன்றியது எப்படி? ஒருவருக்குத் தோன்றினால் அவருடைய குணம் என்று விட்டுவிடலாம். ஷிப்டு ஷிப்டாகத் தோன்றினால் அது எங்கோ கற்றுக்கொண்ட பாடம். யார் கற்றுக் கொடுத்தது?

மேரி ஜேன் மெக்கல்லம், அடேல் பெர்ரி என்ற இரு வரலாற்றாசிரியர்கள் இந்த மரணத்தை வைத்தே 2018இல் ஒரு நூல் எழுதினார்கள். மெக்கல்லம் பூர்வகுடியைச் சேர்ந்தவர். அந்த 34 மணி நேரத்தைப் புரிந்துகொள்ள அந்த ஊரின், அந்த நாட்டின் நெடிய வரலாற்றைப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். நாமும் அப்படியே பின்னால் போய்ப் பார்ப்போம்.

1907. பீட்டர் பிரைஸ் என்ற டாக்டர், கனடாவின் பூர்வகுடி விவகாரத் துறையில் தலைமை மருத்துவ அதிகாரி. பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, மொழியையும் பழக்கத்தையும் மாற்றுவதற்காக அரசும் தேவாலயங்களும் சேர்ந்து நடத்திய உறைவிடப் பள்ளிகளைப் பார்வையிட்டார். காற்றோட்டமே இல்லாத அறைகள், காசநோய். பள்ளிகள் அனுப்பிய கணக்கைக் கூட்டிப் பார்த்தால், சேர்ந்த பிள்ளைகளில் ஏறத்தாழ நாலில் ஒன்று இறந்திருந்தது. முழுக் கணக்குக் கொடுத்த ஒரு பள்ளியில் படித்துப் போனவர்களில் 69 சதவீதம் பேர் உயிரோடு இல்லை.

பிரைஸ் எழுதிக் கொடுத்தார். துறை காதில் போட்டுக்கொள்ளவில்லை. சோதனை வேலையை நிறுத்தினார்கள். பிறகு அவரையே வெளியே அனுப்பினார்கள். 1922இல் சொந்தமாக ஒரு சிறு நூல் அச்சிட்டு, இது தேசியக் குற்றம் என்று பெயர் வைத்தார். உண்மை தெரியாமல் போய்விட்டது என்று பின்னால் யாரும் சொல்ல முடியாது. 1907லேயே தெரியும்.

அடுத்து 1930கள். சஸ்காச்சுவான் மாகாணத்தின் கு'ஆப்பெல் பகுதி. அங்கே பூர்வகுடிக் குழந்தைகளுக்குக் காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. போட்டுப் பரிசோதனை நடந்தது. நமக்கெல்லாம் தோளில் தழும்பு இருக்கிறதே, அதே ஊசிதான். ஊசி வேலை செய்தது; காசநோய் குறைந்தது. ஆனால் காசநோயிலிருந்து தப்பிய குழந்தைகளில் பலர் நிமோனியாவிலும் வயிற்றுப்போக்கிலும் இறந்தார்கள். ஓட்டை வீடு, நல்ல தண்ணீர் இல்லை, சத்தான சாப்பாடு இல்லை. ஆராய்ச்சி கேட்ட கேள்வி ஊசியைப் பற்றியது. வீட்டைப் பற்றி அது கேட்கவே இல்லை.

1942. மானிடோபாவின் வடக்கே நார்வே ஹவுஸ் என்ற ஊரும் சுற்றுப்புறமும். க்ரீ மக்கள் வாழும் பகுதி. விலங்குத் தோல் விலை விழுந்து, பிழைப்புப் போய், பஞ்சம். பலருக்கு ஒரு நாளைக்கு 1500 கலோரி கூடக் கிடைக்கவில்லை. அரசின் மருத்துவ அதிகாரி பெர்சி மூரும், டொரண்டோவிலிருந்து போன சத்துணவு நிபுணர் ஃபிரெடெரிக் டிஸ்டாலும் அவர்கள் குழுவினரும் நேரில் பார்த்தார்கள்.

பார்த்துவிட்டு அவர்கள் எழுதியது முக்கியமானது. பூர்வகுடியினர் சோம்பேறிகள், நாளையைப் பற்றிக் கவலைப்படாதவர்கள் என்று காலங்காலமாகச் சொல்லி வருகிறோமே, அது இனத்தின் குணமாக இல்லாமல் சத்துக்குறைவின் விளைவாக இருக்கலாம் என்று எழுதினார்கள். ஒரு பழிச்சொல்லை அறிவியலால் உடைக்க முடிந்த தருணம் அது. பசித்தவனைப் பார்த்துச் சோம்பேறி என்று சொல்லியிருக்கிறோம் என்று அவர்களுக்கே புரிந்துவிட்டது.

புரிந்தவர்கள் என்ன செய்தார்கள்? சோறு போட்டார்களா? சத்துக்குறைவோடு இருந்த சுமார் 300 பேரை எடுத்து, 125 பேருக்கு வைட்டமின் மாத்திரை கொடுத்தார்கள். மற்றவர்களுக்குக் கொடுக்காமல் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

அதோடு நிற்கவில்லை. 1948 முதல் 1952 வரை ஆறு உறைவிடப் பள்ளிகளில் ஏறத்தாழ 1000 பிள்ளைகளிடம் சத்துணவுப் பரிசோதனை. லயனெல் பெட் என்ற அரசு நிபுணர் நடத்தினார். பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஆல்பெர்னி பள்ளியில் பிள்ளைகளுக்குக் கிடைத்த பால், கொடுக்க வேண்டிய அளவில் பாதிக்கும் குறைவு. அது தெரிந்த பிறகும், ஒப்பீட்டுக்கு ஓர் ஆரம்பக் கணக்கு வேண்டும் என்பதற்காக இரண்டு ஆண்டுகள் அதே குறைந்த அளவிலேயே வைத்திருந்தார்கள். பல் மருத்துவம் செய்தால் ஈறுகளின் நிலையை அளக்கும் கணக்கு கெட்டுவிடும் என்று சில பல் சிகிச்சைகளையும் நிறுத்தினார்கள். பிள்ளைகளிடமோ பெற்றோரிடமோ சம்மதம் கேட்கவில்லை. ஐயன் மோஸ்பி என்ற வரலாற்றாசிரியர் பழைய கோப்புகளைத் தோண்டி 2013இல் கட்டுரையாக எழுதிய பிறகுதான் நாடே பேசியது.

மருத்துவமனைகள் எப்படி இருந்தன? பூர்வகுடியினருக்கென்று தனியாக "இந்தியன் ஹாஸ்பிடல்" வைத்திருந்தார்கள். (இந்த "இந்தியன்" நாமில்லை. கொலம்பஸ் திசை தவறிப் போனதில் அந்த மக்கள் மேல் ஒட்டிக்கொண்ட பெயர்.) 1960இல் இப்படி 22 மருத்துவமனைகள், 2200க்கும் மேற்பட்ட படுக்கைகள். வெள்ளையர் மருத்துவமனையைவிடக் குறைந்த செலவில் நடத்தப்பட்டவை. 1953இல் ஒரு சட்டவிதி வந்தது. பூர்வகுடியைச் சேர்ந்தவர் மருத்துவமனைக்குப் போக மறுத்தாலோ, அனுமதி இல்லாமல் வெளியே வந்தாலோ குற்றம். நோயாளிக்கும் கைதிக்கும் வித்தியாசம் இல்லை.

வடதுருவப் பக்கம் வாழும் இனுயிட் மக்கள் கதை இன்னும் கொடுமை. 1950களில் சி.டி.ஹோவ் என்ற கப்பல் கோடையில் ஊர் ஊராகப் போகும். எல்லாரையும் கப்பலில் ஏற்றி எக்ஸ்ரே எடுப்பார்கள். காசநோய் என்று தெரிந்தால் அப்படியே தெற்கே கொண்டுபோவார்கள். கரைக்குப் போய்ப் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டு வரக்கூடப் பலருக்கு விடவில்லை. 1956 வாக்கில் இனுயிட் மக்களில் ஏறத்தாழ ஏழு பேருக்கு ஒருவர் தெற்கே சானடோரியத்தில் இருந்தார். குணமாகித் திரும்பியவர்களும் உண்டு. இறந்தவர்களை அங்கேயே புதைத்தார்கள். எங்கே புதைத்தார்கள் என்று பல குடும்பங்களுக்குத் தகவலே போகவில்லை. 2019 மார்ச்சில் பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ இக்காலுயிட் நகருக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். கல்லறைகளைத் தேடும் வேலை இன்றைக்கும் நடக்கிறது.

இப்போது ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். பாட்டி கப்பலில் போனவள், திரும்பவில்லை. அப்பா உறைவிடப் பள்ளியில் அரை வயிற்றோடு அளக்கப்பட்டவர். அந்த வீட்டில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புவார்களா? தள்ளிப் போடுவார்கள். நோய் முற்றிய பிறகு வருவார்கள். வந்ததும், "இவர்கள் எப்போதும் இப்படித்தான், உடம்பைக் கவனிப்பதே இல்லை" என்று ஒரு குரல் கேட்கும். அந்தக் குரல் கேட்டு அடுத்த முறை இன்னும் தாமதமாக வருவார்கள். ஒரு பக்கம் அச்சம், மறுபக்கம் இளக்காரம். இரண்டும் ஒன்றையொன்று வளர்த்துக்கொண்டே போகின்றன.

இரத்தம் கொடுத்த கதையும் உண்டு. 1980களின் முற்பகுதியில் வான்கூவர் தீவின் நூ-சா-நுல்த் மக்கள், தங்கள் சமூகத்தில் மூட்டுவாதம் ஏன் அதிகம் என்று தெரிந்துகொள்ள, பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் ஒருவருக்கு 883 குப்பி இரத்தம் கொடுத்தார்கள். மூட்டுவலிக்குப் பதில் கிடைக்கவில்லை. இரத்தம் மட்டும் அவருடனேயே அமெரிக்காவுக்கும் ஆக்ஸ்ஃபோர்டுக்கும் போனது. அவர்களைக் கேட்காமலே, ஆதி மனிதர்கள் எங்கிருந்து எங்கே போனார்கள் என்ற வேறு ஆராய்ச்சிகளுக்குப் பயன்பட்டது. 2004இல்தான் இரத்தம் திரும்பி வந்தது.

இதுவரை சொன்ன எல்லாவற்றிலும் ஒரு பொது அம்சம் இருக்கிறது. இந்த மக்களைப் பற்றி ஏராளமாகத் தெரிந்துகொண்டார்கள். எடை, இரத்தம், ஈறு, எக்ஸ்ரே எல்லாம் கோப்பில் இருந்தன. ஆனால் தெரிந்துகொண்டவர்கள் யாரும் அந்த மக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்களாக இல்லை. கேள்வி வெளியிலிருந்து வந்தது. பதிலும் வெளியே போனது. பார்ப்பது வேறு, கவனிப்பது வேறு. வின்னிபெக் காத்திருப்பு அறையிலும் அத்தனை பேர் சின்க்ளேரைப் பார்த்தார்கள்.

இதை மாற்றியவர்கள் யார்? அந்த மக்களேதான்.

மான்ட்ரியால் பக்கத்தில் கானவாகே என்ற மோஹாக் மக்களின் ஊர். 1980களில் அங்கே பணியாற்றிய இரு குடும்ப டாக்டர்கள், அதே ஊர்க்காரரான லூயி மாண்டூரும் ஆன் மெக்காலேயும், சர்க்கரை நோயைக் கணக்கெடுத்தார்கள். 45 முதல் 64 வயதுக்குட்பட்டவர்களில் 12 சதவீதம் பேருக்கு இருந்தது. பொது மக்களைவிட இரண்டு மடங்கு. வழக்கமாக இந்தக் கணக்கு ஒரு மருத்துவ இதழோடு முடிந்திருக்கும். இவர்கள் ஊரைக் கூட்டி, ஊரிடமே சொன்னார்கள். பெரியவர்கள் கேட்டுவிட்டு, எங்கள் காலம் போகட்டும், பிள்ளைகளுக்கு வராமல் தடுக்க வழி செய்யுங்கள் என்றார்கள்.

1994இல் பள்ளிகளில் திட்டம் தொடங்கியது. பாடத்தில் உடல்நலம், பள்ளிக்குள் நொறுக்குத்தீனிக்குத் தடை, விளையாட்டு. கூடவே ஊரும் ஆராய்ச்சியாளர்களும் உட்கார்ந்து ஓர் ஒழுங்குமுறையை எழுதினார்கள். ஆராய்ச்சி முடிவு முதலில் ஊருக்குத்தான் தெரிய வேண்டும். முடிவின் பொருள் பற்றி ஊருக்கும் ஆராய்ச்சியாளருக்கும் கருத்து வேறுபட்டால், ஒருவர் வாயை ஒருவர் அடைக்கக் கூடாது. இரண்டு விளக்கமும் சேர்ந்தே வெளிவர வேண்டும். என்ன நாகரிகமான ஏற்பாடு பாருங்கள். பிற்பாடு, பிள்ளைகளின் எடையைப் பொறுத்தவரை எதிர்பார்த்த பலன் வரவில்லை என்று தெரிந்தபோது அதையும் மறைக்காமல் வெளியிட்டார்கள்.

1998இல் நாடு முழுவதுமுள்ள பூர்வகுடிகளின் உடல்நலக் கணக்கெடுப்பை அவர்களே நடத்திய குழுவில் ஒரு கொள்கை பிறந்தது. எங்களைப் பற்றிய தகவல் எங்கள் சொத்து, அதன் கட்டுப்பாடு எங்களுடையது, வேண்டும்போது எடுத்துப் பார்க்கும் உரிமை எங்களுக்கு உண்டு, அது எங்கள் கைவசமே இருக்க வேண்டும். இந்த நான்கின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ஓ.சி.ஏ.பி. என்கிறார்கள். 2010இல் கனடாவின் தேசிய ஆராய்ச்சி நெறிமுறையிலேயே பூர்வகுடி ஆராய்ச்சிக்கென்று தனி அத்தியாயம் சேர்க்கப்பட்டது.

ஆராய்ச்சி வாசலில் நிலைமை மாறத் தொடங்கியது. மருத்துவமனை வாசலில்?

நார்வே ஹவுஸை ஞாபகம் வைத்திருக்கிறீர்கள்தானே? அதே ஊர்க் குழந்தை ஜோர்டன் ரிவர் ஆண்டர்சன். 1999இல் அரிய நோயோடு பிறந்தான். இரண்டு வயதில் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர்கள் சொன்னார்கள். வீட்டுப் பராமரிப்புச் செலவை மத்திய அரசு கொடுப்பதா, மாகாண அரசு கொடுப்பதா என்ற வழக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இழுத்தது. 2005இல், ஐந்து வயதில், வீட்டையே பார்க்காமல் மருத்துவமனையில் இறந்தான். முதலில் குழந்தையைக் கவனி, பணக் கணக்கைப் பிறகு பார் என்ற கொள்கை அவன் பெயரில் 2007இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

2020 செப்டம்பர் 28. கியூபெக்கின் ஜோலியெட் மருத்துவமனை. ஜாய்ஸ் எச்சக்குவான், அத்திகமேக் இனத்தவர், வயது 37, ஏழு பிள்ளைகளின் தாய். வயிற்று வலியோடு வந்தவர். போதைப் பழக்கக்காரி, மருந்து கிடைக்காமல் துடிக்கிறாள் என்று ஆதாரம் ஏதும் இல்லாமலே முடிவு கட்டிவிட்டார்கள். படுக்கையில் கிடந்தபடி போனை எடுத்து முகநூலில் நேரலை போட்டார். ஊழியர்கள் அவரை வசைபாடியது உலகத்துக்கே கேட்டது. அன்றே இறந்துபோனார்.

மரண விசாரணை அதிகாரி ஜெஹான் கமெல் 2021இல் அறிக்கை கொடுத்தார். அவர் சந்தித்த இனவெறியும் முன்முடிவுகளும் மரணத்துக்குப் பங்களித்தன என்று எழுதினார். அவர் வெள்ளைக்காரப் பெண்ணாக இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று நிருபர்கள் கேட்டபோது, அப்படித்தான் நினைக்கிறேன் என்றார். எட்டு ஆண்டுகளுக்கு முன் வின்னிபெக்கில் ஸ்னோ ஒயிட்டை வைத்துச் சொன்ன பதிலையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடையில் மாறியது என்ன? சின்க்ளேரைச் சுற்றியிருந்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்று அவர்களே வந்து சொல்ல வேண்டியிருந்தது. ஜாய்ஸ் தானே சாட்சியத்தைப் பதிவு செய்துவிட்டுப் போனார். தகவல் அவர் கைவசம் இருந்தது.

அதே 2020 நவம்பரில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஓர் ஆய்வறிக்கை வந்தது. அவசரப் பிரிவில் பூர்வகுடி நோயாளியின் இரத்தத்தில் எவ்வளவு மது இருக்கும் என்று பந்தயம் கட்டி விளையாடுகிறார்கள் என்ற புகாரை விசாரிக்கப் போனவர்கள் அவர்கள். அப்படி ஒழுங்காக நடந்த விளையாட்டுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று நேர்மையாக எழுதினார்கள். ஆனால் பரவலான பாகுபாடு இருப்பதைக் கண்டார்கள். பதில் சொன்ன பூர்வகுடியினரில் 84 சதவீதம் பேர் மருத்துவச் சேவையில் ஏதாவது ஒரு வகைப் பாகுபாட்டைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். கேள்வியைச் சரியான ஆளிடம் கேட்டால் கிடைக்கும் பதில் இது.

நார்வே ஹவுஸ் நிபுணர்களுக்கும் இந்த அறிக்கைக்கும் நடுவில் ஏறத்தாழ 80 ஆண்டுகள். "சோம்பேறி" என்ற சொல்லின் பின்னால் பசி இருக்கிறது என்று அன்றே தெரியும். "குடிகாரர்" என்ற சொல்லின் பின்னால் அடைத்துக்கொண்ட ஒரு டியூப் இருந்தது. தெரிந்துகொள்வது மட்டும் யாரையும் காப்பாற்றுவதில்லை. தெரிந்ததற்கு யாரிடம் பதில் சொல்ல வேண்டும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

என்னிடம் படித்த பிள்ளைகளில் சிலர் கனடாவில் நர்ஸ் வேலையில் இருக்கிறார்கள். இன்னும் சிலர் தேர்வு எழுதிக் காத்திருக்கிறார்கள். இந்தப் பதிவு முக்கியமாக அவர்களுக்கு. அம்மா, அந்த நாட்டின் பழைய பாவத்தில் உங்களுக்குப் பங்கில்லை. ஆனால் வேலையில் சேர்ந்த முதல் வாரமே சீனியர் யாராவது, "அவர்களா, அவர்கள் அப்படித்தான்" என்று ஒரு வார்த்தையைக் கையில் கொடுப்பார்கள். அதை வாங்கிக்கொள்ளாதீர்கள். நாற்காலியில் தலை சாய்ந்து கிடப்பவர் பக்கத்தில் போய், பெயரைக் கேளுங்கள், என்ன செய்கிறது என்று கேளுங்கள். 34 மணி நேரத்தில் ஒருவருக்கும் முடியாமல் போன வேலை, ஒரு நிமிடத்தில் முடிகிற வேலைதான்.

பகிர விரும்புபவர்கள் தாராளமாகப் பகிரலாம்.